துண்டு துண்டாக ஒரு மணிக்கட்டு

ஒரே ஒரு நட்சத்திரக் குறியை வைத்து ஓர் ஆஸ்பத்திரியை நிறுத்திவிட முடியும் என்பது தங்கராஜுக்கு அந்தத் திங்கட்கிழமைக் காலைவரை தெரியாது. கீபோர்டில் எட்டாம் எண்ணின் தலைமேல் சாதுவாக உட்கார்ந்திருக்குமே, அந்தக் குறிதான்.

புனேயில் ஹடப்சர் தொழிற்பேட்டைக்கு எதிரே அந்த எலும்பு ஆஸ்பத்திரி. லேத்தில் விரலைக் கொடுத்தவர்கள், பிரஸ்ஸில் கையைக் கொடுத்தவர்கள், சோலாப்பூர் ரோட்டில் பைக்கைக் கொடுத்தவர்கள் என்று திங்கட்கிழமைகளில் வாசல்வரை வரிசை நிற்கும். வரவேற்பு மேஜையில் ராஜஸ்ரீ என்ற மராட்டிப் பெண். அவளுக்கு வேண்டியது நோயாளிகளின் பெயர்ப் பட்டியல். பெயர், வயது, எண், அவ்வளவே. அந்தப் பட்டியலைத் தரும் புரோகிராமைக் கோயம்புத்தூர்க்காரனான தங்கராஜ் எழுதியிருந்தான். எழுதும்போது பெயர், வயது, எண் என்று ஒவ்வொன்றாகத் தட்டச் சோம்பல்பட்டு, ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டான். தரவுத்தளத்தின் பாஷையில் அதற்கு அர்த்தம், 'இருப்பதை எல்லாம் கொண்டா.'

இருந்ததில் எக்ஸ்ரேக்களும் இருந்தன.

ஃபிலிமை ஸ்கேன் செய்து நோயாளியின் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தத் தரவுத்தளத்தில் போட்டு வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட பெரிய சமாச்சாரத்துக்குத் தொழிலில் 'பிளாப்' என்று பெயர். கிணற்றில் கல் விழுகிற சத்தம். அன்று காலை ராஜஸ்ரீ பட்டனை அழுத்தியதும், அந்த மாதம் வந்துபோன அத்தனை பேரின் அத்தனை எலும்புகளும் பெயர்ப் பட்டியலோடு கிளம்பி வந்தன. உன் பேர் என்ன என்று கேட்டதற்கு, பேரோடு பீரோ, கட்டில், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பிவைத்த கதை. ஒன்றல்ல, ஊரில் ஆளுக்கு ஒரு லாரி. கம்ப்யூட்டர் உறைந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டர் உறைந்தது. பில் போடும் இடம், மருந்துக் கடை, எல்லாம் உறைந்தன.

ராஜஸ்ரீ அசரவில்லை. மார்க்கர் பேனாவை எடுத்து, மாவுக்கட்டு போட்டிருந்தவர்களுக்குக் கட்டின் மேலேயே டோக்கன் எண்ணை எழுத ஆரம்பித்தாள். கட்டு இல்லாதவர்கள்தான் அன்றைக்கு அதிகம் அவதிப்பட்டார்கள்.

"டெஸ்ட் பண்ணிப் பார்க்கலையா?" என்று கேட்டார் கேட்கர். தங்கராஜின் முதலாளி. மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேலே மூன்று அறைகளில் மென்பொருள் கம்பெனி நடத்துபவர். அவர் பேசுவது இந்தி, கோபம் வந்தால் மராட்டி. அப்போது மராட்டி.

தங்கராஜ் டெஸ்ட் பண்ணித்தான் இருந்தான். ஆபீஸில் பத்து நோயாளிகளைத் தானே உருவாக்கி, எக்ஸ்ரே இருக்க வேண்டிய இடத்தில் தன்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வைத்துப் பார்த்திருந்தான். பத்துத் தங்கராஜ்களும் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றார்கள். அவன் முகத்தில் அவ்வளவு விஷயம் இல்லை என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

நட்சத்திரத்தை எடுத்துவிட்டு மூன்று பெயர்களைத் தட்டியதும் கவுன்ட்டர் சரியாகிவிட்டது. ஆனால் அந்த அமளியில் பெரிய டாக்டரின் பார்வை இவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர் அவர். திரும்பிய பார்வை நேராகப் போய் நின்றது லோஹேகாவில்.

லோஹேகாவ் ஊரின் அந்தக் கோடி. விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்னக் கிளை இருந்தது. எக்ஸ்ரே பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் வைஜயந்தி உட்காருவது அங்கே. ஹடப்சரில் எடுக்கிற படத்தை அவர் அங்கிருந்தே திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு தொலைபேசி லைன்களைச் சேர்த்து ஓர் இணைப்பும் கொடுத்திருந்தார்கள். ஆனால் தங்கராஜின் புரோகிராம் படம் மொத்தத்தையும் ஒரே வாயில் விழுங்கப் பார்க்கும். திரை வெள்ளையாகும். மணற்கடிகாரம் சுற்றும். முக்கால்வாசி வந்தபிறகு லைன் அறுந்துபோகும். மறுபடி போட்டால் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஃபிலிம்கள் பழையபடி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தன.

"சனிக்கிழமைவரைக்கும் டைம்," என்று கேட்கரிடம் சொல்லிவிட்டார் பெரிய டாக்டர். "அதுவரைக்கும் ஃபிலிமை உங்க ஆளே கொண்டுபோகட்டும். எங்க ஆளுக்கு வேற வேலை இருக்கு."

'உங்க ஆள்' தன் பழைய சேத்தக் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான்.

முண்ட்வா ரோட்டில் அந்த ஆடிமாத மழைக்குப் பள்ளம் எது ரோடு எது என்று ரோட்டுக்கே தெரியவில்லை. மகர்பட்டாவில் கட்டடம் எழுப்புகிற லாரிகள் வேறு சேற்றை வாரியடித்தன. பாலத்தில் நெரிசல். இத்தனைக்குப் பிறகும், முன்னால் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்த ஒரு கட்டு ஃபிலிம், தன் புரோகிராமைவிட வெகு சீக்கிரமாக லோஹேகாவ் போய்ச் சேர்வதைத் தங்கராஜ் கண்கூடாகப் பார்த்தான். இன்ஜினியரிங் படித்து, ஊரைவிட்டு வந்து, ஒரு ஸ்கூட்டரோடு போட்டிபோட்டுத் தோற்றிருக்கிறோம். அதுவும் சொந்த ஸ்கூட்டரோடு.

டாக்டர் வைஜயந்தி ஃபிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் தண்ணீர் சொட்டியது.

"அரே, இது எக்ஸ்ரேயா, ஊறவெச்ச அப்பளமா?"

தங்கராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெயரை வைத்துக் கன்னடமோ என்று நினைத்திருந்தான். "டாக்டர் தமிழுங்களா?"

"அப்பா ஏர்ஃபோர்ஸ். பொறந்தது கான்பூர், படிச்சது பூனா, கல்யாணம் பண்ணிண்டதும் ஏர்ஃபோர்ஸ். தமிழ் ஆத்துல மட்டும். எழுதச் சொன்னேள்னா அழுதுடுவேன்." ஒரு துண்டால் ஃபிலிமை ஒற்றினார். "நீங்கதானே அந்த கோயம்புத்தூர் சாஃப்ட்வேர்? ராஜஸ்ரீ சொன்னா. என்ன ஆச்சு, எப்போ வரும்?"

"ஆல்மோஸ்ட் முடிஞ்சுதுங்க டாக்டர். கொஞ்சந்தான்."

"போன மாசமும் ஆல்மோஸ்ட்."

"அது வேற ஆல்மோஸ்ட்டுங்க."

அவர் சிரித்துவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். அப்போதுதான் தங்கராஜ் கவனித்தான். ஏழாம் மாதம். கவனித்ததும், இவ்வளவு நேரம் அவன் குலுங்கி வந்த முண்ட்வா ரோடு வேறு மாதிரித் தெரிந்தது.

"முன்னெல்லாம் மத்தியானம் நானே ஹடப்சர் போயிண்டிருந்தேன். இப்போ என் டாக்டர் அந்த ரோட்ல போகவே கூடாதுங்கறா. பெரியவர் நல்லவர்தான். ஆனா சொல்லிட்டார். சனிக்கிழமைக்குள்ள படம் இங்க ஸ்க்ரீன்ல வரலேன்னா, அங்கயே உக்கார்ற மாதிரி வேற ரேடியாலஜிஸ்ட் பாத்துப்பாராம்." ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் செருகினார். "அவருக்கும் வேற வழி இல்ல."

தங்கராஜ் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று தெரியாது. தலைக்கு மேலே போர் விமானம் ஒன்று கிழித்துக்கொண்டு போனது. லோஹேகாவில் விமானம் போகும்போது யாரும் பேசுவதில்லை. வாயைப் பாதியில் நிறுத்தி, சத்தம் ஓய்ந்ததும் அந்தப் பாதியிலிருந்து தொடர்வார்கள். சத்தம் ஓய்ந்தபோது தங்கராஜிடம் தொடர எதுவும் இல்லை. சனிக்கிழமை என்பது கம்பெனியின் தவணை என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்திருந்தான்.

எழுதிய ரிப்போர்ட்டுகளை எடுத்துப்போக அவன் காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றை எட்டிப் பார்த்தான். 'முறிவு இருக்கலாம். இல்லை என்று ஒதுக்க இயலாது. நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.' அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

"டாக்டர், ஒரு எடத்துலகூட 'ஆமா'ன்னோ 'இல்ல'ன்னோ எழுத மாட்டீங்களாங்க?"

"நிழலைப் பாத்துச் சொல்றவ நான். ஆமான்னு எப்படி எழுதறது? நாளைக்கு கோர்ட்ல கேப்பா." பேனாவை மூடினார். "நீங்க மட்டும்? ஆல்மோஸ்ட்!"

கேட்கருக்கும் இப்படி ஒன்று உண்டு. எதைக் கேட்டாலும் 'பகூ யா' என்பார். மராட்டியில், 'பார்க்கலாம்' என்று அர்த்தம். சம்பள உயர்வும் பகூ யா, ஆபீஸ் கூரை ஒழுகலும் பகூ யா. தமிழ்நாட்டை விட்டு வந்தபிறகு மூன்று வருஷமாகத் தன்னிடம் யாருமே நேராக ஒரு பதில் சொல்லவில்லை என்று தங்கராஜ் நினைத்துக்கொண்டான். தானும் யாரிடமும் சொல்லவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாக நினைத்தான்.

அடுத்த நாள் ஃபிலிம் கொண்டுபோனபோதும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தான். இந்தமுறை ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தான். ஃபிலிமைச் செருகியதும் அவர் ஓர் அடி பின்னால் போவார். தலையைச் சாய்த்து மொத்தமாக ஒரு பார்வை. அப்புறம் சட்டென்று ஏதோ ஓர் இடத்துக்குக் கிட்டே போவார். மூக்கு ஃபிலிமில் இடிக்கும் அளவுக்கு. அந்த இடத்தை மட்டும் லென்ஸ் வைத்துத் துழாவுவார். மீதி ஃபிலிமை அவர் திரும்பிக்கூடப் பார்க்காததும் உண்டு.

அடுத்த ஃபிலிம். பின்னால் ஓர் அடி. முன்னால் மூக்கு.

தங்கராஜ் ஸ்டூலில் நேராக நிமிர்ந்தான். முட்டியைப் பார்க்கிறவருக்கு முட்டியைக் கொடுக்காமல், தொடையின் மேல் ஓரத்திலிருந்து கணுக்கால்வரை மொத்தமும் வந்துசேரட்டும் என்று அவரை உட்காரவைத்திருக்கிறோமே. கவுன்ட்டரில் செய்த அதே காரியம். இங்கே நட்சத்திரக் குறி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆபீஸுக்குத் திரும்பியபோது கேட்கர் குதூகலமாக இருந்தார். அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

"படத்தைச் சின்னதாக்கு," என்றார். "போட்டோவை ஈமெயில்ல அனுப்பும்போது சுருக்கறோம் இல்ல, அதே மாதிரி. இருபதுல ஒரு பங்கா ஆகிடும். சொய்ங்னு போகும்."

"அதுல நுணுக்கமெல்லாம் போயிருமே சார்?"

"கண்ணுக்குத் தெரியாது. நான் என் பொண்ணு போட்டோல பண்ணிப் பார்த்தேன். முகம் அப்படியே இருக்கு."

தங்கராஜ் முதலில் தலையாட்டினான். உண்மையைச் சொன்னால், ஆசையாகவும் இருந்தது. அன்று மாலைக்குள் செய்துவிட்டான். சுருக்கிய படம் நிஜமாகவே சொய்ங்கென்று போனது. மறுநாள் ஃபிலிம் பையோடு அந்தப் புரோகிராமையும் லோஹேகாவ் கொண்டுபோய், டாக்டரின் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹடப்சரிலிருந்து ஒரு தோள்பட்டையை வரவழைத்துக் காட்டினான். டாக்டர் ஓர் அடி பின்னால் போனார். தலையைச் சாய்த்தார். முகம் மலர்ந்தது.

"அட! வந்துடுத்தே!"

பிறகு மூக்கு திரைக்கு அருகே போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. திரும்பியபோது மலர்ச்சி இல்லை.

"தங்கராஜ், ஒண்ணு கேக்கறேன். இது முழுப் படமா? எதையாவது விட்டிருக்கேளா?"

"கிட்டத்தட்ட முழுசுதானுங்க."

"கிட்டத்தட்டன்னா?"

"கண்ணுக்குத் தெரியற அளவுக்கு எதுவும் போகலைங்க."

"யார் கண்ணுக்கு?"

வெளியே விமானம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தலைமுடி மாதிரி ஒரு கீறலைத் தேடித்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்," என்றார் வைஜயந்தி. குரலை உயர்த்தவில்லை. "அந்த முடியையே உங்க மெஷின் தேவையில்லேன்னு வழிச்சு விட்டுட்டு, மீதியை எனக்கு அனுப்பினா, நான் எதைப் படிக்கறது? எனக்கு இந்த வேலை வேணும்தான். அதுக்காக இதைப் படிச்சேன்னு கையெழுத்துப் போட மாட்டேன். க்யா போல்தே ஹோ? என்ன சொல்றேள்?"

"இல்லைங்க டாக்டர்." தங்கராஜ் எழுந்தான். "இதுல விட்டிருக்குங்க. நெறையவே விட்டிருக்கு. முழுப் படத்தையே அனுப்பறனுங்க. சனிக்கிழமைக்குள்ள."

"ஆல்மோஸ்ட்டா?"

"இல்லைங்க. முழுசா."

சொல்லிவிட்டானே தவிர, எப்படி என்று யோசித்துக்கொண்டே திரும்பியதில் ஸ்கூட்டரை இரண்டு பள்ளத்தில் இறக்கிவிட்டான். பள்ளங்கள் மேலேயே பழி போட முடியவில்லை.

கேட்கரிடம் விஷயத்தைச் சொன்னான். சுருக்கிய படத்தை மட்டும் வைத்து வேலையை முடிக்கத் தன்னால் முடியாது என்றான். கேட்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முழுசா வேற விதமா எழுதப்போறியா? மூணு நாள்கூட இல்லையே."

"எழுதிடறேன் சார்."

"பகூ யா," என்றார். ஆனால் சுருக்கிய படத்துப் புரோகிராமை ஒரு சிடியில் பதிந்து, தன் தோல் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டதைத் தங்கராஜ் பார்த்தான்.

அதற்கப்புறம் தங்கராஜ் கேலி பேசுவதை நிறுத்தினான். ஆபீஸில் இருந்தவர்களுக்கு அதுவே பயமாக இருந்தது. காலையில் ஃபிலிம் பையோடு லோஹேகாவ், மத்தியானத்திலிருந்து கம்ப்யூட்டர். கீழே ரீவைண்டிங் கடையில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள், மேலே இவன் அவிழ்த்துக்கொண்டே இருந்தான்.

முதலில் படத்தை வெட்டினான். ஒவ்வோர் எக்ஸ்ரேயையும் ஹடப்சரில் ஸ்கேன் செய்த கையோடு சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் தரவுத்தளத்தில் தனி இடம் கொடுத்தான். சதுரங்களை இறுக்கி வைத்தான், ஆனால் எதையும் எடுக்காமல். புடவையை மடித்து வைப்பது வேறு, முந்தானையை வெட்டி எடுப்பது வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கூடவே மொத்தப் படத்துக்கும் ஒரு சின்னப் பிரதி. டாக்டர் ஓர் அடி பின்னால் போய்ப் பார்ப்பாரே, அந்தப் பார்வைக்கு. கேட்கரின் யோசனை இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதைத் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை.

பிறகு லோஹேகாவ் பக்கம். மவுஸை எங்கே கொண்டுபோகிறாரோ, அந்தச் சதுரம் முதலில் வர வேண்டும். அதைச் சுற்றியிருப்பவை அடுத்து. ஒரு ரிப்போர்ட்டை அவர் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்த ஆளின் சதுரங்கள் ஓசைப்படாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். வந்த சதுரம் உடனே அவருடைய கம்ப்யூட்டரிலேயே பத்திரமாகிவிட வேண்டும். லைன் அறுந்தால், மறுபடி வந்ததும் 'என்னிடம் இதெல்லாம் இருக்கிறது, இல்லாததை மட்டும் கொடு' என்று கேட்க வேண்டும்.

இந்தமுறை பாஸ்போர்ட் போட்டோவை வைத்து டெஸ்ட் பண்ணவில்லை. ராஜஸ்ரீயிடம் போய், இருப்பதிலேயே பெரிய எக்ஸ்ரே வேண்டும் என்று கேட்டான்.

"உன்னுடையதையே எடுக்கட்டுமா? மண்டையோடு?" என்று கேட்டாள் ராஜஸ்ரீ. "காலியா இருக்கற படம் சீக்கிரம் போகும்னு சொல்வாங்களே."

அவள் கொடுத்தது ஒரு முதுகெலும்பு. அது போகும்போது தங்கராஜ் வேண்டுமென்றே போன் ஒயரைப் பிடுங்கினான். மறுபடி செருகினான். பிடுங்கினான். முதுகெலும்பு விட்ட கணுவிலிருந்து தொடர்ந்தது. அப்போது அவன் முகத்தைப் பார்த்துத்தான் ராஜஸ்ரீ தன் டப்பாவிலிருந்த, ஜவ்வரிசி போட்ட சாபுதானா வடையில் ஒன்றை அவன் பக்கம் நகர்த்தியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மழை கொட்டியது. லோஹேகாவ் கிளையில் டாக்டர் திரை முன்னால். அவருக்குப் பின்னால் தங்கராஜும், தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கரும். ஹடப்சரில் பெரிய டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். முடிந்து வந்ததும் வைஜயந்தியிடம் போனில் கேட்பார், அவர் சொல்கிற பதில்தான் முடிவு. ஃபிலிமை ஸ்கேன் செய்துகொண்டிருந்தது ராஜஸ்ரீ.

முதலில் வந்த முட்டியும் இடுப்பும் பிசகில்லாமல் வந்தன. டாக்டர் 'ம்' என்றார். நல்லது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்கர் தங்கராஜைப் பார்த்தார். தங்கராஜ் கூரையைப் பார்த்தான்.

மூன்றாவது ஒரு மணிக்கட்டு. தொழிற்பேட்டையில் பிரஸ் ஓட்டுகிற ஆள், ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்திருக்கிறார். வீக்கம் அதிகம் இல்லை, வலிதான். பிளாஸ்டர் இல்லையென்றால் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்று அவசரப்படுகிறார் என்று ராஜஸ்ரீ போனில் சொன்னாள்.

சின்னப் பிரதி உடனே வந்து நின்றது. டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, தலையைச் சாய்த்தார்.

"நார்மல் மாதிரிதான் இருக்கு."

"பார்த்தியா?" என்று கேட்கர் இந்தியில் முணுமுணுத்தார். "சின்னதே போதும்."

டாக்டரின் கை மவுஸை நகர்த்தியது. கட்டைவிரலுக்குக் கீழே, ஸ்கேஃபாய்ட் என்று, முந்திரிப் பருப்பு மாதிரி ஒரு சிறு எலும்பு. அங்கே போய் நின்றது. அந்த இடத்துச் சதுரம் மங்கலிலிருந்து தெளிவுக்கு மாறியது. பக்கத்துச் சதுரம் மாறத் தொடங்கியது. பாதியில் நின்றது.

வெளியே ஒரு மின்னல். லைன் போய்விட்டது.

திரையில் அரை முந்திரி தெளிவாகவும், அரை முந்திரி கலங்கலாகவும் இருந்தன. கேட்கரின் கை மெதுவாகத் தோல் பையின் ஜிப்பைத் திறந்தது. சிடியின் விளிம்பு வெளியே வந்தது.

"சார், கொஞ்சம் இருங்க," என்றான் தங்கராஜ். இவ்வளவு உறுதியாக அவன் முதலாளியிடம் பேசியதில்லை. இந்தி சரியாக வந்ததா என்றுகூட யோசிக்கவில்லை.

"முதல்லேர்ந்து வரணுமா?" என்று கேட்டார் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லைங்க. வந்தது வந்ததுதான்."

மோடம் மறுபடி டயல் செய்தது. கிரீச்சிட்டது. இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன. கலங்கலாக இருந்த அரை முந்திரி, எதுவுமே நடக்காததுபோல, விட்ட இடத்திலிருந்து தெளிந்தது.

டாக்டரின் மூக்கு திரைக்கு அருகே போனது.

அங்கேயே இருந்தது.

"இங்க பாருங்கோ," என்றார் கடைசியில். பேனாவின் நுனியால் காட்டினார். தங்கராஜுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. முந்திரியின் இடுப்பில், குறுக்கே, யாரோ பென்சிலை லேசாக வைத்து எடுத்ததுபோல ஒரு கோடு. சின்னப் பிரதியில் அது இல்லவே இல்லை. அவன் கண்கள் தாமாகக் கேட்கரின் மடிக்குப் போயின. சிடியின் விளிம்பு மறுபடி பைக்குள் போய்விட்டிருந்தது. ஜிப் மூடும் சத்தம் கேட்டது.

டாக்டர் போனை எடுத்தார். "ராஜஸ்ரீ, அந்த மணிக்கட்டுக்காரரை ஆத்துக்கு அனுப்பிடாதே," என்பதை மராட்டியில் சொன்னார். "ஸ்கேஃபாய்ட்ல முறிவு இருக்கலாம். ஆமா, இருக்கலாம். கட்டு போடச் சொல்லி உக்காத்தி வை. அறிகுறிகளோட ஒப்பிட்டுப் பாக்கணும்னு பெரியவர்ட்ட சொல்லு."

கண்ணுக்கு நேராகக் கோடு தெரிகிறது, இன்னும் 'இருக்கலாம்'தானா என்று தங்கராஜுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அந்த ஆளின் கை தப்பித்தது. ஆனால் தங்கராஜ் கேட்டு வந்தது இன்னும் பாக்கி. பெரிய டாக்டர் எந்த நிமிஷமும் ஆபரேஷன் முடிந்து கூப்பிடுவார். இவர் அவரிடமும் 'இருக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று சொல்லிவைத்தால்?

"டாக்டர்," என்றான். "நேராவே கேட்டுடறனுங்க. இதுல எதையும் விடலைங்க. ஒரு புள்ளிகூட விடலைங்க. ஆனா சில சமயம் லைன் போகும், இன்னிக்கு மாதிரி நிக்கும், திரும்ப வரும். அதுவும் உண்மைதானுங்க. இதை வெச்சு நீங்க படிப்பீங்களா, மாட்டீங்களா?"

வைஜயந்தி நாற்காலியைத் திருப்பினார். ஒரு கை வயிற்றின் மேல். வாயைத் திறந்தார்.

மேகத்துக்கு மேலே எங்கேயோ விமானம் கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்த மழையிலும் பறப்பார்களா என்று தங்கராஜ் விமானப்படை மொத்தத்தையும் மனதுக்குள் திட்டினான். டாக்டரின் வாய் பாதியில் நின்றது. கேட்கர் நகத்தைக் கடித்தார். சத்தம் வந்தது, வந்துகொண்டே இருந்தது, பிறகு போகவே மனமில்லாமல் போனது. மேஜைமேல் போன் அடிக்க ஆரம்பித்தது.

அவர் போனை எடுக்கவில்லை. முதலில் இவனுக்குப் பதில் சொன்னார்.

"படிப்பேன். திங்கக்கிழமைலேர்ந்து ஃபிலிம் எடுத்துண்டு வராதீங்கோ."